அத்தான் போனில் அடித்த நாடி

பல் செட் செய்யும் லேபில் அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை. டாக்டர்களிடமிருந்து வரும் அச்சுகளை வாங்கிக் கழுவுவது அவள் பொறுப்பு. பசையில் பதிந்த மேல்வரிசை, கீழ்வரிசை. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் எச்சில், ரத்தக் கறை, சில நாள் யாரோ காலையில் தின்ற பண்டத்தின் துணுக்கு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் சாப்பாடு இறங்காது. அவளோ குழாயடியில் பிரஷ்ஷால் தேய்த்தபடியே பக்கத்து மேசைக்காரியிடம் துணிக்கடைத் தள்ளுபடியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவளுக்குப் ‘பல்லுக்காரி’ என்றே பெயர். கடவுள் அவளைப் படைக்கும்போது அருவருப்பு என்கிற நரம்பை மட்டும் மறந்துவிட்டார் என்று அவளுடைய அக்கா சொல்வாள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள், ஒரு வாட்ச் வாங்கப் போகும் வரைக்கும்.

லேப் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கெட்டுப்போன மாதத்தில், மேலே வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அவள் போய்க் காட்டிய டாக்டரம்மா எல்லாம் சோதித்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, வேலை கொடுக்காமல் சோம்பேறியாக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். மெதுவாக ஓடுங்கள், துடிப்பு ஓர் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஏரிக்கரைப் பாதையில் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தாள். துடிப்பு பார்க்க வேண்டுமானால் நின்று, கழுத்தில் விரலை வைத்து எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் அது இறங்கிவிடும். தூரமோ அதைவிட மோசம். மதகு வரைக்கும் இவ்வளவு என்று கணவர் ஒன்று சொல்வார், பால் போடுகிறவர் வேறொன்று சொல்வார். துடிப்பையும் தூரத்தையும் காட்டுகிற கருவி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த முடிவை அக்கா வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் வினை.

அக்கா கணவர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர். ஆனால் ஓடுகிறவர்களுக்கு விற்கப்படும் எல்லாப் பொருளும் அவரிடம் இருந்தது. ஷூ, வியர்வை உறிஞ்சும் பனியன், இடுப்பில் கட்டும் தண்ணீர்க்குப்பி. அவர் சோபாவில் சாய்ந்தபடியே, “நீயா போய் எதையாவது தலையில கட்டிக்கிட்டு வராதே. நான் வர்றேன்” என்றார்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று மணிக்கட்டில் கட்டும் வாட்ச். அடிப்பக்கம் பச்சை வெளிச்சம் மினுக்கி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும். மற்றது நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பெல்ட். ஓட்டத்தில் கை ஆடும், வாட்ச் சில நேரம் தடுமாறும், பெல்ட்தான் சரியாகச் சொல்லும் என்றார். அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பெல்ட்டை உருவிக் கொடுத்தார்.

ரப்பர் பட்டையில் உப்பு பூத்திருந்தது. ஊக்கில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது. ஈரத்துணியை மூட்டையில் போட்டு மறந்தால் வரும் வாடை அதில் வந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் வெறும் மார்பில் கட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிப் போட்ட பெல்ட் அது. அவள் இரண்டு விரலால் பிடித்தபடி நின்றாள். தொண்டை வரைக்கும் குமட்டியது. லேபில் அவள் கைக்கு வரும் எச்சில், கழுவுவதற்காக வருகிறது. இதை யாரும் கழுவியதே இல்லை.

அத்தான் அதைப் பிடுங்கித் தன் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்று சிரித்தார். அவளுக்குப் பெல்ட்டே வேண்டாம் என்றாகிவிட்டது. கடைக்காரர் காட்டிய வாட்சையே வாங்கினாள். அதைப் போனோடு சேர்க்க வேண்டுமாம். அவளுடைய போன் அதற்குப் பழசு. “கவலைய விடு. என் போன்ல கணக்கு ஆரம்பிச்சிட்டேன். வாட்ச் வீட்டு வைஃபையில தானா அனுப்பிடும். நான் பார்த்துச் சொல்றேன்” என்றார் அத்தான். எங்கே ஓடுகிறோம், எவ்வளவு தூரம் என்பதுதானே போகப்போகிறது என்று அவளும் தலையாட்டினாள்.

முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகவே போயிற்று. துடிப்பு ஏறினால் வாட்ச் அதிரும். அவள் நடைக்கு மாறுவாள். மதகு எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்தது. கணவர் சொன்னதும் தப்பு, பால்காரர் சொன்னதும் தப்பு. வாட்சைக் கழற்றாமல் போட்டிருந்தால்தான் உடம்பை நன்றாகப் பழகிக்கொள்ளும் என்று அத்தான் சொல்லியிருந்ததால் லேபிலும் வீட்டிலும் தூக்கத்திலும் அது அவள் கையிலேயே இருந்தது.

மூன்றாம் வாரம் அக்கா வீட்டில் சாப்பாடு. நான்கு பேர்தான் மேசையில். பாதிச் சாப்பாட்டில் அத்தான் போனை எடுத்து வைத்துக்கொண்டார். மதகுக்கு அந்தப் பக்கம், பம்ப் ரூமுக்குப் பின்னால் தினமும் கொஞ்ச நேரம் நிற்கிறாயே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அங்கே யாரும் இல்லை. தண்ணீரைப் பார்த்தாற்போல் ஒரு குட்டிச்சுவர் இருக்கிறது. ஷூவைக் கழற்றிவிட்டு அதில் உட்காருவாள். யாரும் அவளை எதுவும் கேட்காத இடம் அது. சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

அத்தான் விடவில்லை. விரலால் திரையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓடவே போகலையே. ரெண்டு பேரும் வீட்லதானே இருந்தீங்க? துடிப்பு மட்டும் இப்படிக் கிடுகிடுன்னு ஏறியிருக்கே.”

சொல்லிவிட்டு அவள் கணவரைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் முதலில் நெளிந்தார். பிறகு, பரிசு வாங்கிய பையனைப்போல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்புதான் அவளால் தாங்க முடியாதது. ஒரு மனிதர் சாப்பிட்ட கையை நக்கிக்கொண்டே அவளுடைய படுக்கையறையைத் திறந்து பார்த்திருக்கிறார். கதவைச் சாத்த வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார். எழுந்து போய்க் கை கழுவுமிடத்தில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து, வாட்சைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அத்தான், ஊரான் எச்சிலைக் கழுவித்தான் நான் சாப்பிடுறேன். ஒரு நாளும் எனக்கு இப்படிக் குமட்டினதில்லை” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அந்தக் கணக்கை இப்பவே அழிங்க. நான் பார்க்கணும்.”

விளையாட்டுக்குச் சொன்னால் இப்படிக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறதே என்று அத்தான் முணுமுணுத்தார். ஆனாலும் அழித்தார். அவள் பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தாள். பாத்திரம் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அக்கா பின்னாலேயே வந்தாள்.

“எனக்கும் ஒண்ணு வாங்கித் தந்தாருடி. நான் குளிக்கும்போது கழட்டி அரிசி டப்பாமேல வைப்பேன், மறந்தாப்பல சாயங்காலம் வரைக்கும் அங்கேயே விட்டுடுவேன்” என்றாள் மெதுவாக.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா.”

“உன்கிட்டயும் செய்வாருன்னு நினைக்கலைடி.”

மறுநாள் வேலை முடிந்து தனியாகக் கடைக்குப் போனாள். மாற்றிக்கொள்ளும் கெடு இன்னும் இருந்தது. கணக்கைத்தான் அழித்தாயிற்றே, வேறு போனில் சேர்த்துக்கொள்ளுங்களேன் என்றார் கடைக்காரர். அது இனிமேல் என் கையில் ஏறாது என்றாள். அவர் வாட்சை வாங்கி ஒரு துணியால் துடைத்தார், புதுத் தாள் ஒட்டினார், அதே பெட்டியில் வைத்துக் கண்ணாடி அலமாரியில் மற்றவற்றோடு அடுக்கினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அது நான் ராத்திரி பகலா போட்டிருந்தது. புதுசுன்னா விக்கப்போறீங்க?”

“துடைச்சாச்சுல்ல மேடம். எல்லாக் கடையிலயும் இதுதான்.”

அப்படியானால் தான் வாங்கியதும் யார் கையில் கிடந்ததோ என்ற நினைப்பு வந்ததும் மணிக்கட்டு அரித்தது. பழையது என்று சீட்டு எழுதி ஒட்டினால்தான் இங்கிருந்து நகருவேன் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதி ஒட்டினார்.

பிறகுதான் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். போன் வேண்டாம், கணக்கு வேண்டாம், ஓடிய இடத்தைக் காட்டும் வரைபடம் வேண்டாம். துடிப்பு தெரிய வேண்டும், தூரம் தெரிய வேண்டும், பார்த்து முடித்ததும் அழிந்துவிட வேண்டும். அப்படிப்பட்டதை இப்போது யாரும் கேட்பதில்லை என்று அலுத்துக்கொண்டே மேல்தட்டிலிருந்து ஒரு தூசிப் பெட்டியை இறக்கினார். நெஞ்சில் கட்டும் பெல்ட், எண் மட்டும் காட்டும் சின்ன வாட்ச், அடியெடுப்பை வைத்துத் தூரம் சொல்ல ஷூ கயிற்றில் செருகும் ஒரு வில்லை. பெட்டியின் முத்திரை உடையவில்லையா என்று நான்கு பக்கமும் பார்த்தாள். தானே பிரித்தாள். பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். புது ரப்பர் வாடைதான். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

சுற்றளவு தெரிந்த பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடி, வில்லை காட்டும் தூரத்தைச் சரிசெய்துகொண்டாள். பெல்ட் முதலில் நெஞ்சை இறுக்கியது, பிறகு பழகிவிட்டது. தினமும் ஓடி வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துவாள். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. இப்போது லேபுக்கு ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமானால் அத்தான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறாள். அவர் உட்காருகிற மேசையில் அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

கணவரோடு பேச்சு சில நாள் நின்றிருந்தது. சிரித்தது தப்புதான் என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார். அவள் சரி என்றாள். அவ்வளவோடு விட்டாள்.

அடுத்த மாதம் அத்தான் அவருக்கு ஒரு வாட்ச் அனுப்பிவைத்தார். சமாதானத்துக்காம். அவர் அதைக் கட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவும் அதே போனுக்குத்தான் போகும் என்றாள் அவள்.

“போகட்டுமே. நான் மறைக்க என்ன இருக்கு?” என்றார் கணவர்.

அவள் அவரையே பார்த்தாள். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை என்பது தெரிந்தபோது கோபம்கூட வரவில்லை, வாயில் கசப்புதான் ஊறியது.

“உங்களுக்கு இல்லாம இருக்கலாம். ஆனா அது உங்க கையில இருக்கிற வரைக்கும் நான் இந்த ரூம்ல படுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்தாள்.

இப்போது அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வாட்சைக் கழற்றி வாசல் அலமாரியில், சாக்ஸோடு வைத்துவிட்டுத்தான் வருகிறார்.