சித்திரை வெயிலில் ஸ்வெட்டர்

1. வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள்

"நர்ஸம்மா, இது வாய மோந்து பாத்து எழுதிக் குடுங்க. குடிச்சிகினு வேலைக்கு வந்துகீது."

மெடிக்கல் ரூம் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து இப்படிச் சொன்னவர் கோதண்டம், காயில் வைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அவர் பின்னால் ஜெசிந்தா நின்றாள். சித்திரை மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில். அவளோ புடவைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மோட்டாருக்குக் காயில் சுற்றும் அந்தத் தொழிற்சாலையில் நான் நர்ஸ். நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த இரும்புத்தூள், திங்கட்கிழமை மட்டும் வருகிற வயிற்றுவலி, இவைதான் என் தினப்படி. ஒரு பெண்ணின் வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீங்க வெளிய நில்லுங்க, கோதண்டம்" என்றேன்.

அவர் நகரவில்லை. "மூஞ்சியப் பாருங்க, எப்படி ஊதிகீதுன்னு. பேச்சு கொழறுது. மெஷின்ல ஒக்காந்துகினே தூங்குது. நான் இன்னா பண்றது?"

"இல்ல… நர்ஸம்மா. நா… குடிக்க மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. கட்டைக் குரல். ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வந்தது. கண் இமைகள் தடித்திருந்தன. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, குடிக்கவில்லை என்று அவள் சொன்னதே குடித்தவள் சொன்ன மாதிரிதான் இருந்தது.

முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

கோதண்டம் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு வருடம் முன்பு அவரே, "ஜெசிந்தா சுத்துன காயில கண்ண மூடிகினு அனுப்பலாம்" என்று பெருமை அடித்துக்கொண்டவர்தான். இப்போது அவள் செய்வதில் பாதி ரிஜெக்‌ஷன். பர்சனல் மேனேஜர் ஏற்கெனவே மெமோ கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் போனால் என்கொயரி, அப்புறம் வேலை போகும். புருஷன் வேலை செய்த அச்சகம் மூடிக் கிடந்தது. ஆவடியில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். வேலை போவது ஒரு பக்கம். குடித்து வேலை போன பொம்பளை என்ற பேரோடு அந்தத் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

"டாக்டர் வரட்டும். அவர் பார்க்காமல் நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

2. நாற்காலியில் மண்டி போட்ட சூப்பர்வைசர்

எங்கள் டாக்டர் ஜமால் பூந்தமல்லியில் கிளினிக் வைத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டரில் எங்கள் தொழிற்சாலைக்கு வருவார். அவரிடம் ஒரு வழக்கம். "என்ன செய்யுது?" என்று ஆரம்பிக்க மாட்டார். "விடிஞ்சதிலேருந்து சொல்லுங்க" என்பார். எழுந்தது, குடித்தது, குளித்தது, பஸ் பிடித்தது எல்லாம் சொல்ல வேண்டும். வெளியே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கே சில நாள் பொறுமை போய்விடும். மனிதர் அசைந்து கொடுக்க மாட்டார்.

அன்றைக்கு வந்ததும், கோதண்டம் கதவோரம் நிற்க, ஜெசிந்தாவின் நாளை முழுதும் கேட்டார். எந்நேரமும் குளிர், அசதி, மலச்சிக்கல். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சாப்பாடு பாதியாகக் குறைந்தும் உடம்பு பெருக்கிறது. டாக்டர் அவள் உள்ளங்கையைத் தொட்டார். சில்லென்று சொரசொரப்பாக இருந்தது. நாடி மெதுவாக நடந்தது. பிறகு, பாதம் வெளியே தொங்கும்படி நாற்காலியில் மண்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளிய பாதம் திரும்பி வருவதற்கு, லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அவ்வளவு யோசித்தது.

"கோதண்டம், இப்போ நீங்க ஏறுங்க."

"இன்னா சார், எனுக்கு எதுக்கு?"

"வித்தியாசம் தெரியட்டும்."

கோதண்டம் வெட்கத்தோடு மண்டி போட்டார். தட்டியதும் அவர் பாதம் வெடுக்கென்று போய் வெடுக்கென்று திரும்பியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாத்தீங்களா? உங்க மெஷின்ல ஸ்பீடு ரெகுலேட்டர் இருக்குல்ல? அத மாதிரி நம்ம கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி. உடம்பு என்ன வேகத்துல ஓடணும்னு அதுதான் சொல்லும். அது சுரக்கறது கொறஞ்சா எல்லாமே மெதுவாயிடும். பேச்சு, நாடி, வயிறு, மூளை எல்லாம். இந்தம்மா குடிக்கல. ரெகுலேட்டர் பழுது."

கோதண்டம் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

ரத்தம் எடுத்துச் சிட்டியில் உள்ள லேபுக்கு அனுப்பினோம். அப்போதெல்லாம் இந்த டெஸ்ட் ரிசல்ட் வருவதற்குள் கண் பூத்துப்போகும். வந்ததைப் பார்த்தால் தைராய்டைத் தூண்டுகிற டிஎஸ்ஹெச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "சுரப்பிய வேல செய் வேல செய்னு மூளை கத்துது. அந்தக் கத்தல்தான் இது" என்று எனக்கு விளக்கினார் டாக்டர்.

ரிப்போர்ட்டோடு பர்சனல் மேனேஜரிடம் அவரே நேராகப் போனார். நான் கூட நின்றேன்.

"தைராய்டுன்னா கழுத்து வீங்குமே டாக்டர்? இவங்க கழுத்து நல்லாதானே இருக்கு?"

"வீங்காமலும் ஸ்டிரைக் பண்ணும் சார். ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள பழைய ஜெசிந்தாவா திரும்பி வரலேன்னா உங்க என்கொயரில நான் குறுக்க வர மாட்டேன்."

வாரத்தில் மூன்று நாள் வந்து போகிறவர், யாரோ ஒரு வைண்டருக்காகத் தன் வாக்கை அடமானம் வைத்தார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

தைராக்சின் மாத்திரை எழுதினார். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு வேறெதுவும் கூடாது. ரத்தமும் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை ஒன்று, அது ராத்திரிக்கு.

3. ஏறாத மாத்திரை

ஆடி பிறந்தது. ஸ்வெட்டர் கழலவில்லை. டாக்டர் டோஸைக் கூட்டினார். ஆவணியும் வந்தது. மறுபடி ரத்தம் அனுப்பினோம். டிஎஸ்ஹெச் பேருக்குத்தான் இறங்கியிருந்தது.

பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மாத்திரை மேல மாத்திரை, ஆள் அப்படியே இருக்காங்களே நர்ஸம்மா? கோதண்டம் அன்னிக்கே சரியாத்தான் சொன்னாரோ?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மெடிக்கல் ரூமுக்கு வந்து, "மாத்திரைய ஒழுங்கா போடறியா, தூக்கி எறியறியாடி?" என்று டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவிடம் கத்தினேன்.

"மாதா மேல சத்தியமா… ஒரு நாள்கூட விடல நர்ஸம்மா." கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நான் உன்ன நம்பறேம்மா. விடிஞ்சதிலேருந்து சொல்லு."

"போன தடவ சொன்னேனே சார்."

"பரவால்ல. இன்னொரு தடவ."

"அஞ்சு மணிக்கு எந்திருப்பேன். மூஞ்சி கழுவிகினு பூசைக்குப் போவேன்…"

"அன்னிக்குப் பூசைன்னு ஒண்ணும் நீ சொல்லலியே?"

"அப்ப ஞாயித்துக்கெழம மட்டும்தான் சார் போவேன். குடிகாரின்னு பேர் வந்திச்சில்ல… இந்தப் பேர் போற வரைக்கும் தெனமும் பூசை பாத்து நன்மை வாங்கறேன்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன்."

நன்மை வாங்குவது என்றால் பூசையில் சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்கிச் சாப்பிடுவது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நன்மை வாங்கறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடலாமா?"

"ஐயோ, பச்சத்தண்ணி வாய்ல படக்கூடாது சார். எங்க மாமியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்போ மாத்திரை?"

"பூசை முடிஞ்சி ஸ்டேசனாண்ட டீக்கடைல ஒரு பன்னு, டீ. அதோட போட்டுக்குவேன். ராத்திரி ஊட்டுக்குப் போனதும் தூங்கிடறேன்ல, அதனால சத்து மாத்திரையும் சேத்து ஒரே முழுங்கு."

டாக்டர் தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "நர்ஸம்மா, கேட்டீங்களா? வயித்துல பன்னு, பக்கத்துல இரும்பு. இரும்பு தைராய்டு மாத்திரைய இறுக்கிப் புடிச்சிக்கும், உடம்புக்கே விடாது. எவ்வளவு டோஸ் ஏத்தினாலும் எப்படி வேல செய்யும்?"

கெட்ட பேர் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலே மருந்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. எனக்கு அவள் மேலிருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நானே மாங்காட்டம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் எடுத்துப் போனவள்தான். மாத்திரைக்காக ஒரு வாரத்தை விட்டுவிடு என்று யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா?

டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. "எங்கம்மா நோன்பு மாசத்துல மாத்திரைய முழுங்காம முந்தானைல முடிஞ்சி வெச்சிகிட்டு என்னயே ஏமாத்துவாங்க" என்று சிரித்தார். "வேண்டுதல விடாதம்மா. மருந்துக்கு விலக்கு உண்டா, இல்லியான்னு நான் சொன்னா உன் மனசு ஒப்பாது. உங்க சாமியார்கிட்டயே கேட்டுட்டு வா."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தா வந்தாள். "மருந்துக்கும் தண்ணிக்கும் தடையே இல்லியாம் நர்ஸம்மா. அந்தச் சட்டம் மாறி வருசக்கணக்கா ஆச்சாம். 'மாத்திரைய போட்டுக்கினு வந்து தெகிரியமா நன்மை வாங்கு'ன்னாரு. மாமியாருக்குத்தான் மொகமே இல்ல."

அதன்படியே ஆனது. எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை. பிறகு கோயிலுக்கு நடை, பூசை. அது முடிந்து பன்னும் டீயும் வாய்க்கு வருவதற்குள் டாக்டர் கேட்ட ஒரு மணி நேரம் தாராளமாகக் கழிந்துவிடும். இரும்பு மாத்திரையை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் கையால்தான் கொடுப்பேன்.

4. "முழுசா திட்டுது!"

புரட்டாசியில் ஒரு நாள் ஸ்வெட்டர் அவள் மெஷினருகே ஆணியில் தொங்கியது. பிறகு அதுவும் காணோம். முகத்தில் வீக்கம் வடிந்து பழைய கன்னம் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்த வாரம், கோதண்டம் மறுபடி அதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு கோதண்டம்?"

"திட்டுது நர்ஸம்மா! கம்பி பாபின் லேட்டா குடுத்தேன்னு என்ன, அத்தினி பேர் முன்னாடி, மெஷின் சத்தத்தயும் தாண்டி, நிறுத்தாம முழுசா திட்டுது! பழைய கொரலு அப்படியே வந்துட்ச்சி!"

திட்டு வாங்கி அத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு செக்‌ஷனுக்குப் போனார். மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லார் முன்னாலும் சொன்னார்: "இது குடிச்சிகீதுன்னு சொன்ன வாய் இதான். நல்லா கேட்டுக்கங்க, அது குடிக்கல. ஒடம்பு சரியில்லாம இருந்திச்சி. தப்பு என்து." ஜெசிந்தா ஸ்டூலிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

என்கொயரி நடக்கவில்லை. டாக்டர் கடைசியாக ஒரு முறை ஜெசிந்தாவை நாற்காலியில் மண்டி போடச் சொல்லித் தட்டினார். பாதம் வெடுக்கென்று போய் வெடுக்கென்று வந்தது.

"சார், பேர் போயிட்ச்சி. மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டுதல் முடிஞ்சிது. மாத்திரை ஆயுசுக்கும் உண்டும்மா. நிறுத்தினா ரெகுலேட்டர் மறுபடி நின்னுடும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பூசையையும் நிறுத்தல சார். அது இருந்தாதான் எனுக்கு ஒரு மணி நேரம் டீய தொடாம இருக்க வரும்."

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மாத்திரை போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். விடிந்ததிலிருந்து சொல்லச் சொல்லுங்கள், அவசரப்படாமல் கேளுங்கள். போன மாதம் சொன்ன நாளும் இந்த மாதம் சொல்கிற நாளும் ஒன்றாக இருக்காது. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் டாக்டர் ஜமால். ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கோதண்டத்தைத் திட்டிய ஜெசிந்தாவின் அந்தக் குரல்தான்.