பல் டாக்டர் கோட்டைக்குப் படி வைத்தவன்

சேனாபதி செய்த காரியத்தைக் கோபாலசாமி எட்டு வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெற்ற மகளின் கல்யாணத்தை வீடியோ கேசட்டில் பார்க்க வைத்தவனை எப்படி விழுங்குவது? அதிலும் தாலி கட்டுகிற இடத்தில் கேமராக்காரன் பெண்ணின் முகத்தை ஒரு ரோஜாப்பூவுக்குள் வைத்துச் சுழற்றிவிட்டிருந்தான். கட்டியதைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை.

சேனாபதி வயதில் மூத்தவன். நேரில் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். மனசுக்குள் அவன் ‘அவன்’ ஆகி ரொம்ப நாளாகிவிட்டது.

இரண்டு பேருக்கும் ஊர் திருமுருகன்பூண்டி. டெக்சாசில் கோயில் கட்ட ஆள் எடுத்தபோது ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். சேனாபதி நல்ல வேலைக்காரன், அதில் பொய் சொல்லக்கூடாது. பேச்சு குறைவு. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்தால் ஈரலை எடுத்துக் கோபாலசாமி தட்டில்தான் போடுவான். ஊரில் இருக்கும் மனைவி வசந்தாமணிக்குப் போன் போட்டால், அன்றைக்கு என்ன செதுக்கினான் என்பதைத்தான் சொல்வான். அவளும் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு ஏறவே இல்லை. கோபாலசாமி எட்டாவதோடு நின்றவர்தான் என்றாலும் டிவி பார்த்தும் கடைகளில் சண்டை போட்டும் ஒருமாதிரி பிடித்துக்கொண்டார். சேனாபதிக்கு வாயும் காதும் அவர்தான்.

கோயில் வேலை முடிந்ததும் மார்வின் என்கிற கல் காண்டிராக்டர் இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டான். கிரீன் கார்டுக்கும் தானே அப்ளை பண்ணுவதாகச் சொன்னான். அது வந்தால் மனைவி நாகமணியையும் மகளையும் கூட்டி வந்துவிடலாம் என்று கோபாலசாமி ஒவ்வொரு நாளும் அந்த நினைப்பிலேயே எழுந்தார்.

ஆலன் என்கிற ஊருக்கு வடக்கே, மாடு மேய்ந்துகொண்டிருந்த கரிசல் நிலத்தில், ஹென்லி என்கிற பல் டாக்டர் ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். சும்மா வெளியே கல் ஒட்டிய வீடு இல்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ராஜாக்கள் எப்படிக் கட்டினார்களோ அப்படியே வேண்டுமாம். மதில் என்றால் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு கற்சுவர், நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்பும் கொட்டி இறுக்க வேண்டும். அடிச்சுவர் சரிவாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருந்து கல்லைப் போட்டால் அதில் பட்டுத் தெறித்து எதிரியின் மேலேயே பாயும். அம்பு விடும் சந்துகள் வெளியே ஒரு கை அகலம், உள்ளே ஆள் நின்று திரும்பும் அகலம்.

“பல்லுக்குள்ள ஓட்டை போட்டவனுக்குச் சுவத்துல ஓட்டை போடறது பெரிய காரியமா?” என்றான் சேனாபதி, தோள் குலுங்க.

கோட்டையின் வட்டக் கோபுரத்துக்குள் சுழல்படி வந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

அந்தப் படியின் சூட்சுமம் என்னவென்றால், நடுவில் தனியாகத் தூண் கிடையாது. ஒவ்வொரு படிக்கல்லின் ஒரு முனையையும் உருண்டையாகச் செதுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக்கொண்டே போனால் அந்த உருண்டைகள் சேர்ந்து தூணாகிவிடும். வலப்பக்கம் திரும்பச் செதுக்கிய கல்லை இடப்பக்கம் திருப்ப முடியாது. செதுக்கினால் செதுக்கியதுதான்.

பல் டாக்டர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். வழக்கமாக ஏறுகிறவனுக்கு வலப்பக்கமாகச் சுற்றும்படிதான் கட்டுவார்களாம். ஏறி வரும் எதிரியின் வாள்கையை நடுத்தூண் மறிக்கும், மேலே நிற்கிறவனுக்குக் கை வீச இடமிருக்கும்.

“ஆனா இவரு வம்சத்துல எல்லாரும் பொரட்டாங்கைக்காரங்களாமாண்ணா, இடக்கையிலதான் வாள் புடிப்பாங்களாம். அதனால இவருக்கு இடமாச் சுத்தோணுமாம்” என்று கோபாலசாமி எடுத்துச் சொன்னார்.

சேனாபதி முகம் சுருங்கியது. “இடமாவா? எழவுலதாண்டா இடமாச் சுத்துவாங்க. குடியிருக்கற ஊட்டுல அப்பிடி வெப்பாங்களா?”

“இது அவரு ஊடுங்ணா. அவரு எப்பிடிச் சுத்துனா நமக்கென்ன? நமக்குக் கார்டு வரோணும். உங்களைக் கும்புட்டுக் கேக்கறன், படத்துல இருக்கறபடி வெய்யுங்க.”

சேனாபதி படத்தைப் பார்த்தான். பிறகு கோபாலசாமியின் தலையில் கை வைத்தான். “உம்மேல சத்தியமா அப்பிடியே வெக்கறன். போதுமா?”

அந்த வாரமே மார்வின் கோபாலசாமியை ஆஸ்டின் பக்கம் கல் பொறுக்க அனுப்பினான். திரும்பி வந்தபோது கோபுரத்துக்குள் படி தலைக்கு மேல் ஏறியிருந்தது. வலப்பக்கமாக.

“என்னண்ணா இது?”

“கை வரலைடா கோபாலு. கல்லைத் தொட்டா அதுவா வலமாத்தான் போகுது.”

“கல்லுப் போகுதா? உளி உங்க கையிலதான இருந்துச்சு! பிரிங்க எல்லாத்தையும்.”

“நல்லா இருக்கறதை எதுக்குப் பிரிக்கோணும்? அந்தாளுக்கு வித்தியாசமே தெரியாது.”

“எந்தலை மேல கை வெச்சீங்களேண்ணா!”

சேனாபதி தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அந்தாளுக்குத் தெரிந்தது. மறுநாள் மார்வினோடு வந்த பல் டாக்டர் இடக்கையில் பொய்வாள் பிடித்தபடி படியில் ஏறி, மேலே நின்று கீழ்ப்பக்கம் திரும்பி வீசினார். கை நடுத்தூணில் இடித்தது. இறங்கி வந்தவர் கத்தவில்லை. யார் வேலை இது என்று மட்டும் கேட்டார்.

கோபாலசாமி வாய் திறப்பதற்குள் சேனாபதி முன்னால் வந்தான். அத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து முதல்முதலாக இங்கிலீஷ் வந்தது.

“கோபால் டெல் மீ. ஐ டூ.”

கோபாலசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். படத்தைக் காட்டினார், சத்தியத்தைச் சொன்னார். மார்வினுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. “அந்த ஆளுக்கு நான் பேசுவது ஒரு வார்த்தை புரியாது. நீ என்ன சொன்னாயோ அதைத்தானே செய்வான்?” என்றான். கேட்கிறவனுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். சேனாபதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபாலசாமி அவன் முகத்தையே பார்த்தார். இப்போதாவது சொல்வான் என்று கார் கதவைத் திறக்கும் வரைக்கும் பார்த்தார்.

வேலை போனது. மார்வின் கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டான். கோபாலசாமி இன்னொரு முதலாளியைப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கி, நடுவில் ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாது என்று இங்கேயே கிடந்தார். மகளுக்கு நல்ல இடம் வந்தது, காத்திருக்க மாட்டோம் என்றார்கள், கல்யாணம் நடந்தது, கேசட் வந்தது.

சேனாபதி? அதே கோபுரத்தில் படிகளை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, புதுக்கல்லில் இடப்பக்கமாகவே செதுக்கி அடுக்கிக் கொடுத்தான். கல் அப்போது எந்தப் பக்கம் போயிற்றோ! அவனுக்குக் கார்டு வந்தது. வசந்தாமணியும் வந்து சேர்ந்தாள். கோபால் தப்பாகச் சொல்லி என் புருஷன் பேரைக் கெடுக்கப் பார்த்தான் என்று கோயிலில் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபாலசாமி ஒருநாளும் அவளிடம் வாய் கொடுத்ததில்லை. சொல்ல வேண்டியவன் அவன்.

இரண்டாயிரத்தில் ஒருவழியாக நாகமணி வந்தாள். அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அடுத்த வருஷப் பொங்கலன்று கோயில் மடப்பள்ளியில் வசந்தாமணியை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வசந்தாமணி அழவில்லை. “உங்க ஊட்டுக்காரரு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அப்பறம் நம்பறன்” என்றாளாம்.

அந்தக் கோடையில் கோயில் கமிட்டி சிவராமகிருஷ்ணன் போன் பண்ணினார். “கோபால், சேனாபதிக்கு லங்ஸ் ரொம்ப மோசம். ஸ்டோன் டஸ்ட்தான்னு டாக்டர் சொல்றார். உங்களைத்தான் கேட்டுண்டே இருக்கார். நான் பிக்கப் பண்ணிக்கறேன், ரெடியா இருங்கோ.”

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நாகமணி சொன்னாள். கோபாலசாமியும் அப்படித்தான் நினைத்தார். காரில் போகும்போது, கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார்.

கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தான். மூக்கில் குழாய். வசந்தாமணி இவரைப் பார்த்ததும் எழுந்தாள். முதல்தடவையாக முகத்தைத் திருப்பவில்லை. “பேசிட்டு வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும், வெளிய நிக்கறன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சேனாபதி கையை நீட்டினான். கோபாலசாமி பிடித்துக்கொண்டார். உளி பிடித்த காய்ப்பு இன்னும் அப்படியே இருந்தது.

“வந்துட்டயா கோபாலு.”

“வந்துட்டனுங்ணா.”

“வசந்தா கேப்பா.” மூச்சு வாங்கியது. கதவைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான். “படியைப் பத்தி நீதான் எங்கிட்டத் தப்பாச் சொன்னதாவே அவகிட்டச் சொல்லிப்போடு.”