ஹௌமியாவை வட்டமாக்கினோம்

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பிரிண்டிங் சூப்பர்வைசராக இருந்தபோது, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான டீ-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் நான்கு குறுங்கோள்கள்: புளூட்டோ, ஏரிஸ், மேக்மேக், ஹௌமியா. சூரியனே எட்டிப் பார்க்காத தூரத்தில் கிடக்கிற நாலு பேருக்கு எங்கள் ஊரில் கலர் மேட்சிங் நடந்தது. ஆர்டர் நல்லபடியாகப் போனால் எனக்கு மேனேஜர் பதவி என்று முதலாளி சொல்லியிருந்தார். பத்து வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி அது.

ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிய சாம்பிளை முதலாளி தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, மூணு உருண்டையா இருக்குது, இதொண்ணு மட்டும் கோழிமுட்டையாட்டம் இருக்குதுங்களே?"

பனியன் துணி இழுத்த பக்கம் போகும். இழுத்து ஒட்டி அச்சடித்தால், எடுத்ததும் வட்டம் முட்டையாகிவிடும். எங்கள் தொழிலில் அதைவிட மானக்கேடு கிடையாது.

"துணி இழுத்திருக்கு சார். அவங்க சாம்பிள்லயே தப்பு. நாம சரி பண்ணிருவோம்" என்றேன். வெள்ளைக்காரன் தப்பையே கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பையருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். கோள் உருண்டைதானா என்று எவன் கேட்பான்!

பிரிண்டர் ஒடிசாக்காரர், என்னைவிட மூத்தவர். வட்டமாக மாற்றிய புது அச்சு ஸ்க்ரீனோடு வந்து நின்றார்.

"சார், சாம்பிள்ல முட்டை. இதுல ரவுண்டு. ஒரு தடவை கேளுங்க சார்."

"நீரு பெரிய விஞ்ஞானியாக்கும்! சொன்னதப் போடும்வே" என்று எரிந்து விழுந்தேன்.

தைத்துப் பெட்டி கட்டிய பிறகு, பையர் சார்பில் சரக்கைச் சோதனை செய்கிற ஒரு அம்மா வந்தார். "ஹௌமியா நிஜமாவே முட்டை வடிவம்தான் சார். ரொம்ப வேகமா சுத்துறதால அப்படி நீண்டுபோச்சு" என்று சொல்லி, மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்துவிட்டுப் போனார்.

முதலாளிக்கு வியர்த்தது. "இழுத்து அயர்ன் பண்ணுங்க" என்றார். இழுத்துத் தேய்த்தோம். நான்கும் முட்டையாயின. அடக் கடவுளே! புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து தூக்கியவர்கள்கூட அதன் உடம்பில் கை வைக்கவில்லை.

பிரிண்டரைக் கூப்பிட்டு, "சாம்பிளப் பாக்காமயா அடிச்சீங்க?" என்று முதலாளி கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முட்டை என்று குறை சொன்னது முதலாளி, வட்டமாக்கச் சொன்னது நான். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"சொல்லுங்க" என்றார் முதலாளி என்னிடம்.

"அவரு கவனிக்கலீங்க" என்றேன். திருநெல்வேலிக்காரன் நான், அன்றைக்குத்தான் சுத்தமான கொங்கு மரியாதையோடு பேசினேன்.

ஒடிசாக்காரர் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

ஆர்டர் கைவிட்டுப் போனாலும் நாற்காலி எனக்கே வந்தது. என்னை வெளியே அனுப்பினால், முதலில் குறை சொன்னது யார் என்று பையரிடம் வாயைத் திறந்துவிடுவேன் என்று முதலாளிக்குப் பயம். வெட்கமாகத்தான் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.