துரை வீட்டுக் குரோட்டன்ஸ்

வாசத்துக்கும் ஆகாது, குழம்புக்கும் ஆகாது. அப்படி ஒரு இலைக்குப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்ச மனுசனோடதான் நான் குடித்தனம் பண்ணினேன்.

எங்க வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. மலாய் நாட்டுல, பிரிக்பீல்ட்ஸ் கோட்டர்ஸ்ல இருந்தோம். துரை பங்களாவுக்குக் கையெழுத்து வாங்கப் போனவரு, வாசல்ல மஞ்சளும் செவப்புமா நின்ன குரோட்டன்ஸைப் பார்த்துட்டு வந்தாரு. மறுநாளே என் பசலைக்கொடியையும் மிளகாச் செடியையும் பிடுங்கி எறிஞ்சாரு. "கூலிக்காரன் வீடு மாதிரி இருக்கு"ன்னாரு. இவரைப் பெத்தவரு கிள்ளான் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவருதான். அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்னு சும்மாவா சொன்னாங்க?

ஒரு ஞாயித்துக்கிழமை சாக்கு நிறையக் கன்னு கொண்டாந்தாரு. ஏதுன்னு கேட்டா, "சும்மா மண்டிக் கிடந்துச்சு"ன்னாரு. வாசலுக்கு ரெண்டு பக்கமும் நட்டு, ஒவ்வொரு இலையா ஈரத்துணியால துடைச்சாரு. நான் நிறைமாசம். எனக்கு ஒரு வாளி தண்ணி தூக்கித் தரலை அந்தக் கை.

அடுத்த வாரமே வலி கண்டுச்சு. பக்கத்துக் கிராமத்துல, கம்பம்னு சொல்லுவாங்க, அங்க இருந்த மலாய்க்கார மருத்துவச்சியைக் கூட்டிட்டு வந்தாரு. கைராசிக்கார அம்மா. வாசல் வரைக்கும் வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. உள்ள நான் கதறுறேன், வெளிய மலாய்ல வழக்கு நடக்குது.

"இது நாங்க கல்லறையில வைக்கிற செடியாச்சே. இங்க எப்படி வந்துச்சு?"

"இல்லம்மா, இது குரோட்டன்ஸ். துரை வீட்டுச் செடி."

அந்தம்மா மஞ்சள் புள்ளி போட்ட ஒரு கன்னைத் தொட்டாங்க. "இது என் அம்மா கல்லறையில தலைமாட்டுல நான் நட்டது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன், குழிதான் கிடந்துச்சு."

அட, பிணத்துக்கிட்டத் திருடினவனே! அந்தம்மா அப்படியே திரும்பிப் போயிருந்தா யாரு என்ன கேட்க முடியும்? என் சத்தத்தைக் கேட்டுட்டு, "எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே கொண்டு போய் நடு"ன்னு அவருகிட்டச் சொல்லிட்டு உள்ள வந்தாங்க. பிள்ளை குறுக்கக் கிடந்துச்சு. வயித்தைத் தடவித் தடவித் திருப்பி, பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு உசிரையும் காப்பாத்திட்டாங்க. பின்கட்டுக்குக் கை கழுவப் போனாங்க.

அப்பத்தான் அவரு உள்ள வந்தாரு. கையெல்லாம் செடி தோண்டின மண்ணு. ஆணா பொண்ணான்னு கேட்பாரு, நான் பிழைச்சேனான்னாவது கேட்பாருன்னு மூஞ்சியையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். பின்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு என் காதுகிட்டக் குனிஞ்சாரு.

"அந்த மஞ்சள் புள்ளி நல்லா வேர் பிடிச்சிருச்சு. அதை மட்டும் வச்சுக்கிட்டா அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?"

உடம்புல மிச்சமிருந்த உசிரையெல்லாம் கூட்டி, மலாய்லயே கத்தி அந்தம்மாவைக் கூப்பிட்டேன்.