கோஜெக் குடாவில் கடைசிப் படகு: எண்பது மீற்றர் நீந்திய கதை

மெல்பேர்ணில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த வாங்கைத் தெரியும். நீச்சல் தடாகத்தின் ஓரத்தில், குளோரின் மணத்துக்குள், மடியில் துவாயோடு உட்கார்ந்து காத்திருக்கும் நீள வாங்கு. பத்து வருடம் அதில் இருந்தேன். பிள்ளைகள் இருவரும் நீந்தப் பழகி, வேலைக்கும் போய்விட்டார்கள். எனக்கோ கழுத்தளவு தண்ணீர் என்றாலே சீவன் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் ரோசம் வந்து, ரோவிலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள தடாகத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் என் கணவர், இவர்தான், காரில் கொண்டுபோய் விடுவார். பிறகு அதே வாங்கில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டு குளிர்காலம் போனபின் என் ஆசையைச் சொன்னேன். படகிலிருந்து நடுக்கடலில் இறங்கி, கரை வரைக்கும் நீந்த வேண்டும். "உனக்கென்ன விசரே?" என்றார் இவர். பல வருட வேலைக்குச் சேரும் லோங் சேர்விஸ் லீவு கையில் இருந்தது. போன ஒக்டோபர் கடைசியில் துருக்கிக்கு வெளிக்கிட்டோம்.

ஏன் ஒக்டோபர் கடைசி என்று கேட்பீர்கள். ஜூலையில் இந்தக் கரையில் படகுக்குப் படகு முட்டுமாம், விலையும் இரட்டிப்பாம். எங்களுக்கு ஒரு வாரத்துக்கு, படகில் ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு இருவருக்கும் சேர்த்து 1,100 யூரோ. மெல்பேர்ணிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஒரு தரிப்போடு 22 மணித்தியாலம். அங்கிருந்து தலமான் ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு டாக்சியில் 25 நிமிடம். இறங்கினால் கோஜெக் என்ற சிறிய துறைமுக ஊர். கால் இரண்டும் வீங்கிப்போய்த்தான் இறங்கினோம், ஆனால் அந்தக் குடாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போச்சு.

கூலெட் என்கிறார்கள், இரண்டு பாய்மரம் உள்ள மரப்படகு. ஆறு அறைகளில் நாலு காலி. எங்களையும், காலைத் தேநீருக்கு முன்னமே கடலில் குதிக்கும் ஒரு ஒல்லாந்துத் தம்பதியையும் தவிர வேறு ஆளில்லை. கப்டன் மெஹ்மெத்தும் அவருடைய மனைவியும்தான் படகை நடத்துகிறார்கள். அந்த மனுசி அந்தச் சின்னக் குசினிக்குள் நின்று சமைத்த கத்தரிக்காய்க்கு ஈடு இல்லை. இவர் ஒளித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூளைக்கூட மூன்றாம் நாளோடு மறந்துவிட்டார் என்றால் பாருங்கள்!

ஓட்டம் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. பைன் மரங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கி வரும் ஒரு வளைவில் நங்கூரம் போடுவார்கள். சாப்பாடு, நித்திரை, அடுத்த வளைவு. பழைய கட்டடங்களின் சுவர்கள் தண்ணீருக்கு அடியில் தெளிவாகத் தெரிகின்றன. இப்படியொரு தண்ணீரை நான் கண்டதேயில்லை.

அந்தத் தெளிவுதான் எனக்கு வினையாகியது. இரண்டாம் நாள் ஏணியால் இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். தடாகத்தின் அடியில் ஒரு கறுத்தக் கோடு இருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் இரண்டு வருடமாக நீந்தியது. இங்கே கோடும் இல்லை, அடியும் இல்லை. கீழே நீலம், அதற்குக் கீழேயும் நீலம். ஏணியைப் பிடித்தபடி ஏறி வந்துவிட்டேன். இவர் துவாயை நீட்டி, "அப்பாடா" என்றார். அந்த அப்பாடாவுக்கு நான் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாளும் ஏணிப் பக்கமே போகவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் மெஹ்மெத் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "நாளைக்குத் தெற்குக் காற்று எழும்பும். காலையிலேயே துறைமுகத்துக்குத் திரும்பிவிடுவோம். அதோடு இந்தப் படகையும் குளிர்காலத்துக்குக் கரையில் ஏற்றிவிடுவேன். நீந்துவதென்றால் இப்போதுதான்" என்றார். கரை எண்பது மீற்றர் தூரத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, காலை நனைத்துவிட்டுத் திரும்பவா?

"இஞ்சேர்," என்றார் இவர். "நீ வலப்பக்கம் தலையைத் திருப்பித்தானே மூச்செடுக்கிறனீ?"

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு வருசமா வாங்கில இருந்து வேறென்னத்தைப் பார்த்தனான்?"

போனைத் தட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த மனுசன், நீந்தவே தெரியாதவர், குளியல் தொட்டிக்கே பயந்தவர், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, மெஹ்மெத்தோடு சின்ன ரப்பர் படகில் இறங்கினார். "இவவின்ர வலப்பக்கம், விலகாமல்" என்று ஆங்கிலத்தில் மூன்று தரம் சொன்னார்.

குதித்தேன். உப்புத்தண்ணீர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டது. கீழே பார்க்காமல், மூச்சுக்கு மூச்சு வலப்பக்கம் பார்த்தேன். செம்மஞ்சள் அங்கி, அதற்கு மேல் வெளிறின முகம், விளிம்பை இறுக்கிப் பிடித்த இரண்டு கை. "வா, வா, கிட்டத்தான்!" என்ற சத்தம் காதுக்குள் விட்டு விட்டுக் கேட்டது. கூழாங்கல் காலில் தட்டியபோது சத்தம் போட்டுச் சிரித்தேன், அழுதேன், என்னவெல்லாமோ செய்தேன். படகில் நின்ற ஒல்லாந்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

திரும்பிப் போக ரப்பர் படகில் ஏறச் சொன்னார் மெஹ்மெத். நான் தலையாட்டி மறுத்தேன். இவர் ஒரு பெருமூச்சு விட்டு, "அப்ப திருப்பும் கப்டன், போகேக்கையும் வலப்பக்கம்தான்" என்று, அந்த மனுசனுக்கு விளங்காத தமிழிலேயே சொன்னார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். ஒக்டோபர் கடைசி வாரத்துக்குப் பிந்தினால் படகு கிடைப்பது கஷ்டம். பகலில் வெயில்தான், ஆனால் பின்னேரத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். கூழாங்கல் கரைக்கு ரப்பர் செருப்பு நல்லது. ஒலிவ், காய்ந்த மூலிகை வாங்கினால் மெல்பேர்ண் விமான நிலையத்தில் மறைக்காமல் வருகை அட்டையில் குறியுங்கள். நீந்தப் போகிறீர்கள் என்றால், எந்தப் பக்கம் மூச்செடுக்கிறீர்கள் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு நீந்தத் தெரிய வேண்டும் என்றில்லை.