பதினான்காம் வரியில் ஒரு பூட்டு

அம்மா விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்பும் முன் அரை டம்ளர் டீ குடிப்பாள். அதற்குப் பிறகு மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்பி, செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடிப்பாள். இடையில் ஒரு வாய் கிடையாது. சித்திரை வெயிலிலும் கிடையாது. சிலருக்குக் காபி பிடிக்காது, சிலருக்குத் தயிர் ஆகாது என்பதைப் போல அதுவும் அம்மாவின் பழக்கம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். சந்தையில் சின்ன வெங்காயம் ஆய்ந்து தரம் பிரிக்கும் பெண்கள் எல்லோருக்கும் அதே பழக்கம் இருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. முன்பு ஒன்று இருந்ததாம். கூரை இடிந்த பிறகு அதில் காலிச் சாக்குகளை அடுக்கிவிட்டார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். சிறிய நகராட்சி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். திண்டுக்கல்லில் கல்லூரி முடித்துவிட்டு நகராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்று என் கழுத்திலிருந்த அடையாள அட்டையை அம்மா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

என் வேலை ஒரு பட்டியலைப் பராமரிப்பது. நகராட்சி அந்த ஆண்டு முன்னுரிமை கொடுத்து எடுத்துக்கொண்ட இருபத்திரண்டு பணிகள் அதில் வரிசையாக இருந்தன. குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்காவில் நடைபாதை, இப்படி. தொடங்காத வேலைக்குச் சிவப்பு, நடக்கிற வேலைக்கு மஞ்சள், முடிந்த வேலைக்குப் பச்சை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டியலைப் பெரிய தாளில் அச்செடுத்து ஆணையர் அறையில் ஒட்ட வேண்டும். பதினோரு மணிக்கு ஆய்வுக் கூட்டம். ஆணையர் எழுந்து நின்று, பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். பேனா எங்கே நிற்கிறதோ அந்த வேலைக்குரிய பொறியாளர் பதில் சொல்ல வேண்டும்.

நான் வண்ணம் மாற்றுவது, களத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படங்களைப் பார்த்து. அந்தப் படங்களை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை என்று சீக்கிரமே பெயர் எடுத்துவிட்டேன். ஒருமுறை வடிகால் வேலை இந்த வாரம் நடந்தது என்று ஒரு படம் வந்தது. பின்னால் மின்கம்பத்தில் ஒரு காதணி விழா பேனர் கட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். விழா நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூட்டத்தில் அதைச் சொன்னபோது ஆணையர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு படம் அனுப்புகிறவர்கள் பேனர் இல்லாத பக்கமாக நின்று எடுத்தார்கள். மாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டதும் உண்டு. இவ்வளவு பெரிய ஆட்கள் என் ஒரு கேள்விக்குப் பயந்து பேனரைத் தேடுகிறார்களே என்று.

பட்டியலில் பதினான்காவது வரி, சந்தை வளாகத்தில் பெண்கள் கழிப்பறை.

அந்த வரியை மட்டும் நான் வேறு மாதிரிப் பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வண்ணம் தெரியுமே. கைப்பேசியில் பட்டியலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். சிவப்பாக இருந்த காலத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்காரும்போதெல்லாம் கேட்பாள்.

"இன்னைக்கு என்ன கலரு?"

"மஞ்சள்தாம்மா. ஓடு ஒட்டுறாங்க."

"இன்னும் மஞ்சளா. நம்ம செவுத்துல பூசுன சாந்தே இதுக்குள்ள காஞ்சிருக்கும்."

ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைப் பகுதிப் பொறியாளரிடமிருந்து படங்கள் வந்தன. வெளியே இளம்பச்சைச் சுவர், உள்ளே வெள்ளை ஓடு, உயரத்தில் காற்றோட்டத்துக்குச் சிறிய ஜன்னல், பை மாட்டக் கொக்கி கூட இருந்தது. அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. பேனர், தேதி, நிழல் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி. பச்சை போட்டேன். அன்று மாலை அம்மாவிடம் கைப்பேசியை நீட்டினேன். அவள் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "பச்ச" என்றாள். மறுநாள் சந்தை முழுக்க அந்தச் செய்தி போயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அம்மா மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கச் சந்தைக்குப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பெண்கள் சாக்கு விரித்து எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு நேர் எதிரே எப்போதும் உட்காரும் அக்கா என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"ஏ யக்கா, ஒம் மக வந்துட்டா. சாவியக் கொண்டாந்துருக்காளான்னு கேளு."

"சும்மா கெட" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"என்ன சாவிக்கா?" என்றேன்.

"பச்ச போட்டுட்டியாமே. உங்காத்தா இங்கன ஒருத்தி பாக்கியில்லாம சொல்லிட்டா. நாங்களும் தெனம் போயிப் போயிப் பாத்துட்டு வாரோம். பூட்டுதான் தொங்குது. ஒருவேள பூட்டுக்குத்தான் பச்ச போட்டியோ என்னமோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. யாருடைய சிரிப்பிலும் விஷம் இல்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை, ஏற்கெனவே ஆய்ந்து முடித்ததை, மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நடந்துபோய்ப் பார்த்தேன். படத்தில் இருந்ததைப் போலவே கட்டடம் அழகாக இருந்தது. கதவில் பெரிய பூட்டு. மழையில் துருப்பிடிக்காமல் இருக்க அதற்கு ஒரு பாலிதீன் பையை வேறு கட்டியிருந்தார்கள். அங்கேயே நின்று கைப்பேசியில் அந்தப் பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். அதே பூட்டு, அதே பை, படத்திலும் இருந்தது. பேனரைத் தேடினேன், நிழலைத் தேடினேன், பூட்டைப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ பச்ச போட்டுட்ட. அதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்ல? ஆபீசுல அதுக்கு ஏதாச்சும் மொற இருக்கும்னு நெனச்சேன்."

என் மீது அவளுக்கு இருந்த நம்பிக்கையால் பதினைந்து நாள் அவள் வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், கேலியையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலைத் திறந்து பதினான்காவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் பொறியாளரைத் தேடிப் போனேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்கிட்டதாம்மா. பத்திரமா இருக்கு" என்றார்.

"ஏன் சார் இன்னும் திறக்கல?"

"திறப்பு விழா இல்லாம எப்பிடிம்மா திறக்கிறது? அஞ்சு வேலையச் சேத்து ஒரே மேடையில திறக்கிறதாப் பேச்சு. நாலு முடிஞ்சிருச்சு. பூங்கா நடைபாதை ஒண்ணுதான் பாக்கி. அது முடியட்டும், நாள் வாங்கிரலாம்."

பூங்கா நடைபாதை என் பட்டியலில் ஒன்பதாவது வரி. பல வாரமாக மஞ்சள். கல் வரவில்லை, வந்த கல் சரியில்லை, திருப்பி அனுப்பியாயிற்று. யாரோ மாலையில் நடக்கப்போகும் பாதைக்காகச் சந்தையில் பெண்கள் காத்திருக்கிறார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் சேர்த்துத் திறக்கிறார்கள். பட்டியலில் அதைக் காட்ட ஒரு கட்டம் இல்லாததால் எனக்கும் தெரியவில்லை.

கட்டம் போடுவது என் வேலைதானே. என் மேசைக்கு வந்து, பட்டியலின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு, 'மக்கள் பயன்படுத்துகிறார்களா?' முடிந்துவிட்டதாகப் பச்சையில் இருந்த வரிகளுக்கு எதிரே ஒவ்வொன்றாக நிரப்பினேன். நான்கு வரிகளுக்கு 'இல்லை' என்று வந்தது. அந்த நான்கையும் மஞ்சளாக்கினேன். பச்சையிலிருந்து ஒரு வரி பின்னால் திரும்பியது அந்தப் பட்டியலில் அதுவே முதல் தடவை. அச்சு இயந்திரத்திலிருந்து தாள் வெளியே வரும்போது, என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆணையர் கையெழுத்து வேண்டும் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. ஒட்டிவிட்டேன்.

கூட்டத்தில் ஆணையரின் பேனா பதினான்காவது வரியில் நின்றது.

"இது போன வாரம் பச்சைதானே?"

"பிரிண்ட்ல தப்பு சார்" என்றார் பொறியாளர்.

"பிரிண்ட் தப்பில்ல சார். போன வாரம் நான் போட்ட பச்சைதான் தப்பு" என்றேன்.

அறையில் பதினோரு ஆண்கள் இருந்தார்கள். பெண் நான் ஒருத்திதான். கழிப்பறை என்ற சொல்லைக் கூட அதுவரை 'பதினான்காவது வரி' என்றுதான் அங்கே சொல்லி வந்திருந்தேன்.

"கழிப்பறை கட்டி முடிச்சாச்சு சார். பூட்டியிருக்கு. சந்தையில வேலை செய்ற பொம்பளைங்க காலையில இருந்து மூணு மணி வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது? எங்கம்மா அங்கதான் வெங்காயம் ஆயிறாங்க. பதினஞ்சு நாளா அந்தப் பூட்டத் தெனம் போய்ப் பாத்துட்டு வர்றாங்க."

அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. விண்ணப்பத்தில் 'கூலி' என்று எழுதியதோடு சரி. அன்று அதைச் சத்தமாகச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. அதை இன்றும் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆணையர் பேனாவால் தாளின் ஓரத்தைத் தட்டினார். "விழா இல்லாமத் திறந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

யாரும் எதிர்பார்க்காதபடி பொறியாளர்தான் தொண்டையைச் செருமினார். "சார், புது மோட்டாருக்கெல்லாம் விழாவுக்கு முன்னாடி சோதனை ஓட்டம் விடுறோம்ல. தண்ணி ஒழுங்கா வருதா, குழாய் அடைக்குதான்னு இதையும் பாக்கணும்ல. சோதனை ஓட்டம்னு திறந்து விட்டுட்டா, விழா பாட்டுக்கு விழா."

ஆணையர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னைக்கே திறங்க. கூட்டிக் கழுவ ஆள் போடுங்க. அந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைப் பதினைந்தாவது வரிக்கு நகர்த்தினார்.

வெளியே வந்ததும் பொறியாளர், "உங்கம்மா அங்க இருக்காங்கன்னு முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா" என்றார். "சொல்லியிருந்தா திறந்திருப்பீங்களா சார்?" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "மாட்டேன்" என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மதியம் அவரே வந்து பூட்டைத் திறந்தார். 'சோதனை ஓட்டம்' என்று நான் அச்சடித்துக் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டினார். எதிர் வரிசை அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன்.

"சோதன எங்களுக்கா, கக்கூசுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார் பொறியாளர், முகத்தை மாற்றாமல். அதற்கும் வரிசை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் அம்மா வீட்டிலிருந்து ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். நான் அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, செருப்பை நிதானமாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலிப் பாட்டிலை என் முன்னால் வைத்தாள். நான் அந்த வாரப் பட்டியலைத் திறந்து, புதிய கட்டத்தில் 'ஆம்' என்று போட்டு, வரியைப் பச்சையாக்கி அவளிடம் காட்டினேன்.

"இது நெசப் பச்சையா?" என்றாள்.

"நெசப் பச்சம்மா."

பூங்கா நடைபாதை ஒருவழியாக முடிந்து, நாள் கிடைத்து, திறப்பு விழா நடந்தபோது மூன்று மாதம் ஓடிவிட்டது. சந்தை வாசலில் பந்தல், மைக் செட், கழிப்பறைச் சுவரில் பளபளவென்று கல்வெட்டு. நான் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, கையில் பட்டியலோடு பொறியாளர் பக்கத்தில் நின்றேன். கதவின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்ததால் காலையிலிருந்து யாரையும் உள்ளே விடவில்லை. மேடையில் பேச்சு நீண்டுகொண்டே போனது. வெங்காயப் பெண்கள் ஒரு வரிசையாக வந்து நின்றார்கள். கைதட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று விழாக்காரர்கள் அவர்களை முன்னால் அழைத்தார்கள். எதிர் வரிசை அக்கா ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, அம்மாவின் தோளை இடித்தார்.

"யக்கா, ஒம் மககிட்டச் சொல்லி அந்த ரிப்பன செத்த வெரசா வெட்டச் சொல்லு. காலையில ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்துருக்கேன்."

இந்த முறை முதலில் சிரித்தது அம்மாதான்.