வாசலில் நின்று கேட்ட பேர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன், நாட்களும் இப்போது குழம்புகின்றன. நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறப்பதில்லை என்று டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டே ஊரில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி வந்தபோதும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். வாயால் சொல்ல முடியாத ஒரு விஷயம் என்னிடம் கிடக்கிறது, அதை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னதற்கு அடுத்த கிழமை அது. என் தம்பி மனைவியோடும் மகளோடும் வன்னியில் இருந்தான். தை மாதம் ஒருநாள் தொலைபேசி எடுத்து, "அக்கா, இடம் மாறப்போறம், பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவேயில்லை. மிஞ்சிய சனத்தை முட்கம்பி முகாம்களுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று வைகாசியில் கேள்விப்பட்டோம்.

அந்த நாட்களில் தமிழ் வீடுகளில் ஒரே கதைதான், யார் எந்த முகாமில் என்று. கூடவே இன்னொரு கதையும் ஓடியது. யாராவது பேர் கேட்டால் கொடுக்காதே. முகாமுக்குள் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டுபோகிறார்கள், இங்கே நாங்கள் விடும் பேர் சுற்றிச் சுற்றி அங்கே போய்ச் சேருகிறது என்று சொன்னார்கள். அது உண்மையோ பொய்யோ தெரியாது. நான் நம்பினேன்.

திங்கட்கிழமை காலை வாசல் மணி அடித்தது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டியுமாக இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அமெரிக்கர்கள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். ஒருவன் நல்ல உயரம், மற்றவன் கட்டை. அவர்களுடைய டேனிஷ் புதிது, என்னுடையது பழுது. ஆனபடியால் டேனிஷ்காரர் கதைப்பதைவிட அவர்கள் கதைத்தது எனக்கு நன்றாக விளங்கியது. அந்தக் கிழமை முழுவதும் ஊரில் சேவை செய்கிறார்களாம். மாரிக் காற்றில் விழுந்து எங்கள் பின்வளவில் கிடந்த மரத்தை வீதியில் போகும்போது கண்டார்களாம். அதை அரிந்து அடுக்கித் தரட்டுமா, காசு வேண்டாம் என்றார்கள்.

நான் அவர்கள் நெஞ்சில் குத்தியிருந்த கறுப்புப் பேர்ப்பட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டிலும் முதற்சொல் ஒன்றே. 'எல்ஸ்ட' என்று இருந்தது. நான் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவள், அந்த மாதிரிச் சொற்கள் எனக்குத் தெரியும். எல்ஸ்ட என்றால் ஆக மூத்தவர். மீசை முளைக்காத இரண்டு பெடியன்களுக்கும் ஒரே பேர், அதுவும் மூத்தவர் என்ற பேர். பேரிலேயே பொய் சொல்கிறவர்கள் வேறு எதில் உண்மை சொல்லப் போகிறார்கள்?

என் கணவர் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்போது இடுப்பு நாரியில் ஒபரேஷன் செய்து வீட்டில் படுத்திருந்தார். போய்ச் சொன்னேன்.

"சும்மா வேலை செய்யிறவன் ஒண்டில் விசரன், இல்லாட்டில் உளவு பாக்கிறவன்," என்றார். "விசரனெண்டால் மரத்தை அரியட்டும். மற்றதெண்டால் நீர் ஒண்டும் கதையாதையும்."

நான் எப்போது கதைத்தேன்!

பதினொரு மணிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோனேன். சந்தேகம் இருந்தாலும் வேலை செய்கிறவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியாதுதானே. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றார்கள். கோப்பி போட்டு வரட்டுமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாமாம். தங்கள் பையில் இருந்த பாண் துண்டுகளையே சாப்பிட்டார்கள். மறுநாள் கணவரைச் சிகிச்சைக்கு ஏற்றிப்போக, கொம்யூன் என்கிற நகரசபையின் வாகனம் வந்து போனபின், கை கழுவ உள்ளே வரச் சொன்னேன். உயரமானவன் வாசற்படியில் காலை வைத்தவன், கணவர் வீட்டில் இல்லையா என்று கேட்டுவிட்டுக் காலை எடுத்துக்கொண்டான். வெளிக் குழாயில் கழுவினார்கள்.

எனக்கு முகம் சுட்டது. வீட்டில் தண்ணி வாங்காதவன், படி தாண்டாதவன் யார் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு முற்றத்தோடு நின்று கதைத்துவிட்டுப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அம்மா நீட்டிய செம்பை அவர்கள் வாங்கியதில்லை. ஆனால் இவர்களுக்கு எங்கள் சாதி எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தால் இன்னும் பயமான ஒரு காரணம் வந்தது. ஒரு வீட்டு உப்பைத் தின்றவன் அந்த வீட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இவர்கள் தின்னாமல் இருப்பது அதற்குத்தானோ?

அன்று பின்னேரம் பக்கத்துத் தெரு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவ பெந்தகொஸ்தே சபைக்குப் போகிறவ, வெள்ளைக்காரரின் வேதங்கள் எல்லாம் அவவுக்குத் தெரியும். கழுத்துப்பட்டி, சைக்கிள் என்று சொன்னவுடனே கண்டுபிடித்துவிட்டா.

"அது மோர்மன்காரர் தங்கச்சி. உள்ளுக்கு விடாதை. செத்த ஆக்களின்ர பேரை எழுதிக்கொண்டு போய் ஞானஸ்நானம் குடுக்கிறவங்கள்."

"செத்த ஆக்களுக்கோ அக்கா?"

"ஓம். பேர் கிடைச்சால் காணும் அவங்களுக்கு."

சாமித்தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் தம்பியின் படத்தை வைத்திருந்தேன். யாரும் செத்தவர் படம் என்று நினைக்கக் கூடும்.

நான் பயந்தது புதன்கிழமை நடந்தது. கணவர் அன்று வீட்டில் இருந்தபடியால் இரண்டு பேரும் உள்ளே வந்து கை கழுவினார்கள். உயரமானவன் படத்தைப் பார்த்துவிட்டு இவர் யார் என்று கேட்டான். கணவருக்குக் கதைக்க ஆள் கிடைத்த சந்தோசம், தம்பியின் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். பெடியன் கேட்டுக்கொண்டே இருந்தான். காணாமற்போனவர்களைத் தேடித்தருகிற நிறுவனம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆங்கிலத்தில் நான் கடிதம் எழுதித் தருகிறேன் என்றான். ஒடென்சேயில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளுக்கு அது பரீட்சைக் காலம், சனி ஞாயிறில் வந்து எழுதுகிறேன் என்று அவள் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் ஓம் என்றுவிட்டார். விபரங்களை என்னிடம் கேட்கச் சொல்லிவிட்டு, வந்து நின்ற கொம்யூன் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

கணவர் போனதும் அவர்கள் வெளியே இறங்கிவிட்டார்கள். உயரமானவன் வாசலில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தான். முழுப் பேர் என்ன என்று கேட்டான்.

இவன் உளவாளி என்றால் பேர் முகாமுக்குப் போகும், தம்பியைக் கொண்டுபோவார்கள். உளவாளி இல்லை, வெறும் மோர்மன்காரன்தான் என்றால் பேர் செத்தவர் பட்டியலுக்குப் போகும். நானே என் தம்பியைச் சாக்காட்டினவள் ஆவேன். ஆனால் முழுப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. பதிவுப் பேரை விட்டுவிட்டு வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொன்னேன். தகப்பன் பேர் கேட்டபோது எங்கள் ஐயாவின் பேரைச் சொல்லாமல், அம்மாவைப் பெற்ற அப்புவின் பேரைச் சொன்னேன். வயதிலும் இரண்டைக் குறைத்தேன்.

அவன் ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் கேட்டு எழுதினான். எழுதியதை மூன்று தரம் வாசித்துக் காட்டினான், சரியா சரியா என்று கேட்டான். வாயில் நுழையாத அந்தப் பழைய பேரைச் சரியாகச் சொல்ல அவன் பட்ட பாடு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்று தரமும் சரி என்றேன். வியாழக்கிழமை வந்து கடிதம் போட்டாயிற்று என்று சொல்லி ஒரு பிரதியைத் தந்தான். நான் அதைக் கணவர் கண்ணில் படாமல் சீலைகளுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கடையில் பெட்டியில் விற்கும் கெர்னமெல்க் என்ற புளிப்புப் பாலில் தண்ணீர் விட்டு, பச்சை மிளகாயும் வெங்காயமும் உப்பும் போட்டுக் கணவருக்கு மோர் கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"தேத்தண்ணி குடியாட்டில் உதைக் குடுத்துப் பாருமன். மோர்மன்காரர் மோர் குடிப்பினம்தானே. பேரிலையே கிடக்கு."

நான் அதைப் பகிடி என்று எடுக்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று இரண்டு கிளாசில் கொண்டுபோனேன். உயரமானவன் மணந்து பார்த்தான், இதில் தேயிலை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். ஒரே மூச்சில் குடித்தான். மிளகாய் அடித்து விக்கல் எடுத்து, கண்ணெல்லாம் தண்ணி. ஆனாலும் கிளாசை நீட்டி இன்னும் கேட்டான். கட்டையன் வெங்காயத்தை விரலால் எடுத்துத் தின்றான்.

தங்களுக்குத் தேத்தண்ணியும் கோப்பியும் கடவுள் விலக்கியவை என்று உயரமானவன் அப்போதுதான் சொன்னான். புருசன் வீட்டில் இல்லாத நேரம் ஒரு பெண் இருக்கும் வீட்டுக்குள் போகக் கூடாது என்பதும் அவர்களின் சட்டமாம். எல்ஸ்ட என்பது பேர் இல்லையாம், அது அவர்கள் சபையில் கொடுக்கும் பட்டமாம். நான் ஐந்து நாளாகக் கட்டி வைத்ததெல்லாம் ஒரு கிளாஸ் மோரில் கரைந்து போனது. எங்கள் வீட்டு உப்பு அவன் வயிற்றில் இருந்தது.

அந்தக் கிழமையில் நானாக ஒரேயொரு கேள்வி கேட்டேன். செத்தவர்களின் பேரை எழுதுவீர்களாமே என்றேன்.

"எழுதுவோம்," என்றான். "எங்கள் சொந்த முன்னோரின் பேர்களை. உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துத்தானே கடிதம் எழுதினேன்?" பிறகு, "காலையும் மாலையும் அவருடைய பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம்" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பேரைச் சொல்லியும் காட்டினான். நல்ல சுத்தமாகச் சொன்னான்.

அது பிழையான பேர் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை கட்டையன்தான் வந்தான், கூட ஒரு புதியவன். உயரமானவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். மிச்ச விறகை அடுக்கிவிட்டுப் போனார்கள். புதியவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றும் குடித்திருக்கவில்லை. என் சந்தேகம் திரும்ப வந்துவிட்டது. நேற்றிருந்தவனை இன்று ஏன் மாற்றினார்கள்?

இலை கொட்டுகிற காலத்தில் பதில் வந்தது. அப்படி ஒரு பேரில் யாரும் கிடைக்கவில்லை. கணவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இது ஆரின்ர பேர்?" என்று கேட்டார்.

அடுப்படியில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, "நானெண்டாலும் சரியான பேரைக் குடுத்திருக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னார். மகள் வந்து சரியான பேரில் திரும்ப எழுதினாள். அதற்குள் முகாமிலிருந்து சனத்தை வெளியே விடத் தொடங்கிவிட்டார்கள். யார் எங்கே போனார்கள் என்று தெரியாது. அந்தக் கடிதத்துக்கும் தகவல் இல்லை என்றுதான் பதில்.

சில வருடங்களுக்குப் பிறகு ஹோர்சன்ஸ் ஊரில் ஒரு சிறுமி பெரியவளான சாமத்தியச் சடங்கில், முகாமில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளை பக்கத்து மேசையில் கதைத்துக்கொண்டிருந்தா. அங்கே ஒலிபெருக்கியில் பேர் கூப்பிடுவார்களாம். "ஒருக்கா ஒரு பழங்காலத்துக் கிழவன்ர பேர், அதோட வீட்டில கூப்பிடுற பேர் ஒண்டு. நாங்கள் சிரிச்சனாங்கள். ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை."

என் கையில் இருந்த பலகாரம் அப்படியே இருந்தது. எழும்பிப் போய், என்ன பேர் பிள்ளை என்று கேட்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் என்னால் முடியவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு தைரியம் வந்து விசாரித்தபோது அவ லண்டனுக்குப் போய்விட்டா என்றார்கள்.

அந்தப் பேரை என் தம்பி கேட்டிருந்தால் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். இது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த பேர், இவங்களுக்கு எப்படித் தெரியும், இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

இதை வாசிக்கிறவர்களில் அந்த முகாம்களில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். கூப்பிட்டது ஆவணியிலா புரட்டாதியிலா, எந்த முகாமில், எந்தப் பக்கத்தில், அப்போது இடது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்போடு ஒருவர் இருந்தாரா, கூட ஒரு சின்னப் பெண்பிள்ளை இருந்ததா. பேரை நான் இங்கே எழுதவில்லை. அன்று நான் சொன்ன பேரையும் சரியான பேரையும் ஒரு கடுதாசியில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி மலர்க்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் யார் என்று முதலில் அவர்களிடம் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்.